ஒன்பதாம் குளமும் மூடியில்லாத வாளியும்

அன்பு மகள் மார்னிக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சாப்பாடு தூக்கத்துக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், ஆங்கரேஜ் பனியில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் சாப்பிட உட்காரும்போது கடவுளிடம் கேட்டுக்கொள்கிறோம். என் இடுப்பு தேவலை, ஊன்றுகோலை விட்டாயிற்று, மழைக்கு முந்தின நாள் மட்டும் குடைகிறது. அங்கே காருக்குப் பனி டயர் மாற்றிவிட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம், ஆனால் நீ 'என் மீனெல்லாம் எப்படிப்பா இருக்கு' என்று கேட்கும்போதெல்லாம் 'நல்லாருக்கு, நல்லாருக்கு' என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு போனை அவளிடம் நீட்டுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு தடவை சொன்னால் நிஜம், இரண்டு தடவை சொன்னால் பொய் என்று பத்து வயதிலேயே நீ என்னைக் கண்டுபிடித்தவள். அதனால்தான் இந்தக் கடிதம், இதில் போனை நீட்ட ஆளில்லை.

ஒன்பதாம் குளத்தில் நீ விட்டுப்போன வாள்வால் மீன்கள், எட்டு வருஷம் பொறுக்கிப் பொறுக்கி நீ உண்டாக்கிய அந்தச் சிவப்பு உடம்பும் கறுப்பு வாளுமான வகை, நானூறுக்கு மேல் இருந்தவை, இப்போது பதினொன்றுதான் இருக்கின்றன. ஏப்ரலில் நீ வந்து இவற்றை வைத்துத்தான் உன் சொந்தக் குளங்களைத் தொடங்கப்போகிறாய் என்பது எனக்கு மறக்கவில்லை. உலகத்தில் வேறெங்கும் இந்த வகை இல்லை என்பதும் தெரியும். எழுதிவிட்டேன், இனி மற்றதைச் சொல்கிறேன், கோர்வையாக வருமா தெரியவில்லை, ஏனென்றால் எனக்கே பாதி இன்னும் புரியவில்லை.

செப்டம்பரில் ஒரு காலை போய்ப் பார்த்தால் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. காற்று போதவில்லை என்று நினைத்துக் காற்று இயந்திரத்தைக் கூட்டி வைத்தேன், இரண்டு நாள் சரியாக இருந்தது, மூன்றாம் நாள் மேகம் போட்டதும் முப்பது மீன் மிதந்தது. வெள்ளைப்புள்ளி நோயோ என்றால் உடம்பில் ஒரு புள்ளி கிடையாது, தீனியும் மறுக்காமல் தின்கின்றன. செவுள் மூடி மட்டும் சரியாக மூடாமல் விரித்தபடி இருந்தது. உப்பு போட்டேன், பெர்மாங்கனேட் போட்டுத் தண்ணீரையே ஊதாவாக்கினேன், ஃபார்மலின் போட்டுவிட்டு நாள் முழுக்க இருமினேன். ஒவ்வொன்றுக்கும் கேட்பதுபோல் கேட்டது, பிறகு கேட்கவில்லை. பக்கத்துப் பண்ணை எமரி வந்து, 'அண்ணே, உங்க போர் தண்ணி கெட்டுப்போச்சு, இதுல மீன் என்ன, தவளைகூடக் குடியிருக்காது' என்று தீர்ப்பு சொன்னான். உன் அம்மா, 'மட்டமான தீவனம் வாங்கினா இப்படித்தான்' என்றாள். ஆனால் ஆறடி தள்ளி எட்டாம் குளம், அதே தண்ணீர், அதே தீவனம், அதே என் கை, அதில் ஒரு மீனுக்கும் தலைவலிகூட இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிட்டது எனக்கு.

அக்டோபர் கடைசியில் உன் அம்மாதான் எனக்குத் தெரியாமல் மாவட்ட மீன் ஆய்வகத்துக்குப் போன் செய்தாள். இனெஸ் ஃப்ளோரஸ் என்று ஒரு டாக்டர் அம்மா முழங்கால் வரை ரப்பர் பூட்ஸோடு வந்தார், நம் சமையலறை மேசையிலேயே மைக்ரோஸ்கோப்பை வைத்து ஒரு மீனின் செவுளை அறுத்துப் போட்டு என்னைப் பார்க்கச் சொன்னார். செவுள் இழைகளுக்குள் சின்னச் சின்ன முட்டை வடிவில் கூடுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புழு சுருண்டு படுத்திருக்கிறது. இதற்குத்தானா நான் இவ்வளவு மருந்து கொட்டினேன் என்றேன். 'மருந்து கூட்டுக்குள்ள போகாது ஐயா. இதுக்கு மூணு வீடு. பறவை வயித்துல முட்டை போடும், எச்சத்தோட தண்ணிக்கு வரும், அதை நத்தை தின்னும், நத்தைக்குள்ள வளந்து தண்ணியில நீந்தி வந்து மீன் செவுள்ல குடியேறும், அந்த மீனைப் பறவை தின்னா பழையபடி முதல் வீடு' என்றார். அப்படியானால் ஒரு மீனிலிருந்து இன்னொரு மீனுக்கு ஒட்டுமா என்று கேட்டேன், ஒட்டாது என்றார். ஒட்டாத நோய் நானூறு மீனுக்கும் எப்படி வந்தது என்றேன், மறுபடி பறவையில் தொடங்கினார். மூன்று தடவை கேட்டேன் மார்னி, மூன்றாம் தடவை புரிந்தது, ஆனால் புரியாததுபோல் நாலாம் தடவையும் கேட்டேன்.

ஏனென்றால் அடுத்து அவர் என்ன கேட்பார் என்று தெரிந்துவிட்டது. 'இந்தக் குளத்துக்குன்னு தனியா ஏதாவது பறவை வருதா?' என்றார். உன் அம்மா முந்திக்கொண்டு, 'எங்க வீட்டுக்காரருக்கு நாரைன்னாலே ஆகாதும்மா, அதைச் சுடக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, அதனாலதான் அதுங்க உயிரோட இருக்கு' என்றாள். நான் காப்பிக் கோப்பையை எடுத்துக் குடித்தேன், அதில் காப்பி தீர்ந்து வெகு நேரமாகியிருந்தது.

விஷயம் இதுதான். இடுப்பு அறுவைக்குப் பிறகு மே, ஜூன் மாதங்களில் என்னால் குளம் குளமாக நடக்க முடியவில்லை, வீட்டுக்குப் பக்கம் என்பதால் ஒன்பதாம் குளத்தின் கரையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துதான் எல்லாக் குளத்து மீனையும் தரம் பிரித்தேன். ஒரு பெரிய நாரை, இடது கால் கொஞ்சம் கோணல், என்னைப்போலவே நொண்டி நொண்டி வந்து பத்தடியில் நிற்கும். ஒரு நாள் கழித்துப்போட்ட மீன் ஒன்றை வீசினேன், பிடித்துக்கொண்டது. அப்புறம் தினமும். முதுகு வளைந்தது, மெலிந்தது, மூச்சு வாங்குவது, எதெல்லாம் கழிசலோ அதெல்லாம் அதற்கு. நோயுள்ள மீனாகப் பார்த்துப் பொறுக்கி ஊட்டியிருக்கிறேன், அது அங்கேயே நின்று ஒன்பதாம் குளத்தில் எச்சமிட்டிருக்கிறது. அந்தக் குளத்துக்கு மேல் புயலில் கிழிந்த பறவை வலையின் மூலையை நான் தைக்காமல் விட்டதற்கு இடுப்புதான் காரணம் என்று எல்லாரிடமும் சொன்னேன், பொய், அது அந்த வழியாகத்தான் உள்ளே வரும். கழித்த மீனை மூடி போட்ட வாளியில் போடணும், சாயங்காலம் புதைக்கணும் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய், 'நாலு வருஷம் காலேஜுக்குப் போய் வாளிக்கு மூடி போடக் கத்துக்கிட்டு வந்திருக்கா' என்று எமரி முன்னாலேயே உன்னைக் கேலி செய்தேன். அன்று உன் முகம் போன போக்கு இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

டாக்டர் அம்மா போன பிறகு உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, 'எனக்குத் தெரியாதா, இந்த சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் பாக்குதுன்னு நெனச்சீங்க' என்றாள். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்றேன். 'மார்னி போனதுக்கப்புறம் நீங்க யார்கிட்டயும் நாலு வார்த்தை பேசல. அதுகிட்டயாவது பேசறீங்களேன்னு விட்டுட்டேன்' என்றாள். இதற்கு நான் கோபப்படுவதா, என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

செய்ததைச் சொல்கிறேன். அன்று உயிரோடிருந்த நாற்பத்திரண்டையும் நத்தை இல்லாத சிமெண்டுத் தொட்டிக்கு மாற்றிக் காற்றுக் குழாய் நான்கு போட்டேன், வயிற்றில் குஞ்சிருக்கும் பெண் மீன்களைத் தனியே வைத்தேன். குளத்தை வடித்தேன், அடியில் நத்தை சரளைக்கல் கொட்டியதுபோல் கிடந்தது, அவை ஓட்டின் வாய்க்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஜாதி, மருந்துக்கு அசையாது, அதனால் சுண்ணாம்பைக் கொட்டி வெயிலில் காய விட்டிருக்கிறேன். வலையைத் தைத்தேன். நாரை இரண்டு நாள் வலைக்கு வெளியே நின்றது, மூன்றாம் நாள் சமையலறைக் கதவுக்கே வந்து நின்றது, நான் வெளியே போகவில்லை. இப்போது எமரி குளத்துக்குப் போகிறது. வெட்கத்தை விட்டு அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கேட்டுக்கொண்டிருந்தவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்து, 'அந்த கோணக்கால் நாரைதானே அண்ணே? நானும்தான் போடறேன்' என்றான்.

நாற்பத்திரண்டில் பதினொன்றுதான் பிழைத்து நின்றது. செவுளில் ஏறிய கூடு சீக்கிரம் போகாதாம், அவை எப்போதும் மூச்சு வாங்கிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் தாயிடமிருந்து குஞ்சுக்குப் போகாது என்று டாக்டர் அம்மா சொன்னார், எனக்கு அதையும் நம்பப் பயமாக இருந்தது. போன மாதம் பத்தாம் தேதி ஒரு தாய் குஞ்சு போட்டது, பத்தொன்பது. கொஞ்சம் வளர்ந்ததும் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார், கொன்றுதான் பார்க்க முடியும். நாற்பது வருஷத்தில் எத்தனை லட்சம் மீனைக் கண்ணிமைக்காமல் கழித்துப் போட்டிருப்பேன், இந்த ஒன்றை எடுக்க அரை நாள் வலையோடு தொட்டிக் கரையில் நின்றேன் மார்னி. கடைசியில் வலைக்குத் தானாக வந்ததை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு செவுளையும் பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார், ஒன்றுமே இல்லை, சுத்தமாக இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது, மைக்ரோஸ்கோப் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பதினெட்டு இருக்கின்றன. வாளில் கறுப்பு ஏறுமா என்று இப்போது சொல்ல முடியாது, ஒன்றுக்கு முதுகு லேசாகக் கோணலாக இருக்கிறது, ஒன்று மெலிவு. நான் எதையும் கழிக்கவில்லை, அந்த வேலைக்கு இனி என் கண்ணை நம்ப மாட்டேன். நீ வந்து பார்த்து உனக்கு வேண்டாததைக் கழி. புது வாளி ஒன்று தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், மூடியோடு.

கர்த்தர் உன்னை எந்தக் குறையும் அண்டாமல் காக்கட்டும், போகும் வழியெல்லாம் துணையிருக்கட்டும். பனி டயரை மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது மீன் எப்படி இருக்கிறது என்று கேள், ஒரே தடவைதான் பதில் சொல்வேன்.

உன் அப்பா,
வெண்டல்