வில்பிரட் அண்ணனுக்காக நான் செய்த ஜெபம்

ஜூன் 2, ஞாயிறு
சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: என் மேலுதட்டில் ஏழாவது முடி முளைத்துவிட்டது. ஆகவே சபையின் ஆண்கள் ஐக்கியத்தில் இன்று முறைப்படி சேர்க்கப்பட்டேன்.

போதகர் சீட்டுக் குலுக்கி எங்களை இரண்டிரண்டு பேராகக் கட்டிவிட்டார். ஒருவரையொருவர் சீஷத்துவத்தில் வளர்க்க வேண்டும். எனக்கு விழுந்தவர் வில்பிரட் அண்ணன். சாலைச் சந்தையில் ஒரு இரும்புக் கடையில் சுமை தூக்குகிறார். போதையை விட்டுப் போதகரிடம் வந்து நாலு மாதம். தினமும் காலை ஆறுக்குப் போன். அதற்குள் வேதத்தில் ஒரு அதிகாரம் வாசித்திருக்க வேண்டும். நேற்று எங்கே பாவத்தில் விழுந்தோம் என்று இருவரும் சொல்ல வேண்டும். சொன்னது இருவரைத் தாண்டக் கூடாது.

ஜூன் 6, வியாழன்
அண்ணன் அழுதார். செவ்வாய்க்கிழமை குடித்துவிட்டாராம். மனைவி சிஜி அக்காமேல் கையும் ஓங்கிவிட்டாராம். "வேற யாருக்கும் தெரியப்பிடாது டே" என்றார். நீ எங்கே விழுந்தாய் என்று கேட்டார். ஸ்டெடியாக நிற்கிறேன் என்றேன். பதினேழு வயதில் ஒரு ஆளையே தாங்குகிறேன், சும்மாவா?

ஜூன் 9, ஞாயிறு
ஆண்கள் ஜெபத்தில் என் முறை. போதகர் வெளியூர் போயிருந்தார். பெயர் சொல்லவில்லை. "சாலையில் சுமை சுமக்கும் எங்கள் சகோதரன் செவ்வாய்க்கிழமை மறுபடி குடித்து, மனைவிமேல் கை ஓங்கினாரே, ஆண்டவரே" என்று உருகினேன். ஆமென் பலமாக வந்தது. கலக்கிவிட்டேன் என்று கண்ணைத் திறந்தால் எல்லோரும் அண்ணனைப் பார்க்கிறார்கள். அவர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஜூன் 10
போன் எடுக்கவில்லை.

ஜூன் 11
பதினாலு தடவை அடித்தேன். மத்தியானம் சிஜி அக்கா கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை போனவர் வீட்டுக்கும் வரவில்லை, கடைக்கும் போகவில்லை. "உன்கிட்ட ஏதாவது சொன்னாரா மக்களே?"
இல்லக்கா என்றேன். எங்கேயாவது குடிச்சுக் கிடக்காரா? கரமனையாத்துல வேற மழைத்தண்ணி ஏறிக் கிடக்கு — வேண்டாம், அதை எழுத வேண்டாம். போதகர்கிட்ட சொன்னா நான் செஞ்சதும் வெளிய வரும். அதுக்கும் பயமா இருக்கு.

ஜூன் 12
போதகரிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை; பைக்கை எடுத்தார். பஸ் ஸ்டாண்டு, மதுக்கடை வரிசை, ஒவ்வொரு முகமாகப் பார்த்தோம். வரிசையில் ஒரு நீலச் சட்டை அண்ணனுடையது போலவே இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். அவரில்லை.

ஜூன் 13, வியாழன்
ஆறு மணிக்கு அண்ணனே கூப்பிட்டார். நெய்யாற்றின்கரையில் தன் அக்கா வீட்டில் இருக்கிறார். குடிக்கவில்லை, குடிக்காமல் இருக்கத்தான் அங்கே போனாராம். சிஜி அக்காவிடம் பேசிவிட்டாராம். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"செரி. நீ எங்க விழுந்தே?"

ஸ்டெடி என்பது நாக்கு நுனிவரை வந்தது.

"அண்ணே, அது உங்களுக்காகப் பண்ணின ஜெபமில்ல. நல்லா ஜெபிக்கான்னு எல்லாரும் சொல்லணும்னு பண்ணினது."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்டே. நாளைக்கும் ஆறுக்கு விளி."

அவரை வளர்க்கிறேன் என்றுதானே இத்தனை நாள் நினைத்திருந்தேன். உண்மையில், சேர்ந்த நாள்முதல் ஒரு அதிகாரம்கூட நான் வாசிக்கவில்லை. போர்வைக்குள் இருந்தபடி வாசித்தாச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நாளைக்குச் சொல்ல வேண்டும்.