கால் பின்னினால் குச்சி நிற்கும்

சீடர் ஹம்மக் கிராமம்
வியாழக்கிழமை, 1994 ஏப்ரல் 14

என் கண்ணான ஜெருஷாவுக்கு, திருச்சபைப் பேருந்தின் ஏக சாரதியும், இந்தக் கரையோர நண்டுகளின் ஜென்ம விரோதியும், ஏழு ஊருக்கு உண்மையை மொத்த விலைக்கு விற்பவனுமாகிய உன் தாய்மாமன் லெமுவேல் எழுதுவது. அட்லாண்டாவில் உன் முழங்கால் இரண்டும் ஒழுங்காக இருக்கின்றன, மூன்று வேளையும் ஏதோ வாயில் போடுகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். இங்கே உன் அம்மாவின் பல்வலி போய்விட்டது, நாய் பேருந்துக்கு அடியில் ஆறு குட்டி போட்டிருக்கிறது, உன் அப்பா தினமும் படகில் போய் வருகிறார். சுகமில்லாதவன் நான் ஒருவன்தான். வியாதி மூக்குக்குக் கீழே, தாடைக்கு மேலே. இது உன் அப்பா எழுத வேண்டிய கடிதம், அவர் பேனாவைப் பிடித்தால் அது இறால் மாதிரி துள்ளி ஓடிவிடும், அதனால் நான் எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நம் வீட்டுப் போன் அவர் நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி இருக்கிறது, சொல்லப்போவதோ அவரைப் பற்றி. உட்கார்ந்து படி. நடந்துகொண்டே படிக்காதே.

போன சனிக்கிழமை குளோவிஸ் கடையில் முடி வெட்டப் போனேன். அவன் பாதித் தலையை வெட்டிவிட்டு, கத்தரியை நிறுத்தி, கடை நிறைந்த ஆட்கள் கேட்கும்படி, ஏன்டா லெமுவேல், உன் அக்கா மக நாலு வருஷமா அங்க குதிக்கிறதுக்கா படிக்கிறா, நம்ம வீட்டுக் கோழி படிக்காமலே குதிக்குதே என்றான். எல்லாரும் சிரித்தார்கள். என் தலை பாதி வெட்டின நிலையில் இருக்கும்போது என் மானமும் பாதியாகலாமா? நான் எழுந்து நின்று, கழுத்துத் துணியோடேயே சொற்பொழிவாற்றினேன். அடுத்த சனிக்கிழமைக்கு மறு சனிக்கிழமை பாருங்கடா, அவ கடைசிப் பரீட்சைக்கு உங்க டீக்கனே போய்க் குச்சி அடிக்கப் போறாரு, உங்க சிஸ்டர் ஒஃபீலியாவே போய்ப் பாடப் போறா, எம் மருமக நம்ம வளையத்தை மேடையில சுத்தி, காலைக் கத்தரி மாதிரிப் பின்னிப் பின்னி, ஏழடி எழும்பி, இறங்கும்போது கவர்னருக்கே கண்ணுல தண்ணி வந்துரும் என்றேன். நீ உன் நடனப் பரீட்சைக்கு, கோவிலில் வட்டமாகச் சுற்றி வந்து ஜெபிக்கிற நம் வளையத்தைச் செய்யப்போகிறாய், டீக்கனான உன் அப்பா தரையில் குச்சி தட்டித் தாளம் போட, ஐந்து பேர் வந்து பாடித் தர வேண்டும் என்று கேட்டாய், அவர்களும் சம்மதித்தார்கள், எனக்குத் தெரிந்தது அவ்வளவே. கால், கத்தரி, கவர்னர் எல்லாம் அந்த நாற்காலியில் பிறந்தவை. ஏழடி கூடக் குறைத்துத்தான் சொன்னேன்.

ஒஃபீலியா அந்தக் குளோவிஸின் பெண்டாட்டி என்பதை என் வாய் மறந்துவிட்டது. என் மீதித் தலையை அவன் வெட்டி முடிப்பதற்குள் செய்தி நம் வீட்டுக்குப் போய்விட்டது. நான் வாசலில் கால் வைக்கும்போது உன் அப்பா நாற்காலி மேல் ஏறி, இனி எடுப்பதில்லை என்று குச்சியை உத்தரத்தில் செருகிக்கொண்டிருந்தார். நம் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும், வளையத்தில் பாதம் தரையைத் தேய்த்துத்தான் நகர வேண்டும், ஒரு காலைத் தாண்டி இன்னொரு கால் போகக் கூடாது. கால் பின்னாதவரை அது ஜெபம், பின்னினால் ஆட்டம். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மட்டுமல்ல, நாலு நாள். உன் அம்மா ஒருத்திதான் பேசினாள், என்னிடம், டேய், ஆண்டவர் உனக்கு வாயைக் குடுத்தாரே, கதவு வெக்க மறந்துட்டாரே என்று.

நேற்று சாயங்காலம் புதன்கிழமை ஜெபக்கூட்டம். முதல் பாட்டு முடிவதற்குள் ஒஃபீலியா எழுந்து, அட்லாண்டாவுக்குப் போவதா வேண்டாமா என்று இப்போதே கை தூக்குங்கள் என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்கு வலிக்கும், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலேஜா இருந்தா நான் மன்னிச்சிருப்பேன், அவனுக்கு என்ன தெரியும், இது நம்ம கறுப்பு ஜனம் செங்கல் சுமந்து கட்டின காலேஜ், நம்ம சபை ஒவ்வொண்ணும் காணிக்கை எடுத்து அனுப்பின காலேஜ், அங்க போய் நம்ம புள்ளையே நம்ம ஜெபத்தைக் கூத்தாக்குறதுக்கு நான் பாட்டு எடுத்துக் குடுக்கணுமா என்றாள். மகளே, கேலியெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். குச்சியும் பாட்டும் இல்லாமல் நீ உன் பரீட்சைக்கு மார்க் போடும் அந்த மூன்று ஆசிரியர்கள் முன்னால் எதை வைத்து நிற்பாய்? நாலு வருஷம் ஒரே சனிக்கிழமையில் போய்விடுமே.

நான் எழுந்தேன். சகோதர சகோதரிகளே, நான் கடையில் சொன்னது அத்தனையும் பொய் என்றேன். பின்னாலிருந்து ஒருவன், நீ பொய் சொன்னேன்னு சொல்றது நெசம்னு நாங்க எப்படி நம்புறது என்றான். சபையே சிரித்தது, பாஸ்டர் கூட வேதபுத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம் நான் வளர்த்த பேர் என் கழுத்தைப் பிடித்தது. சிரிப்பு அடங்கினபோது உன் அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து, திரும்பிப் பார்க்காமல், மச்சான், ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன், அவ கால் பின்னுமா பின்னாதா என்றார். பின்னாது என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நாக்கு நுனி வரை வந்தது, சத்தியம் பண்ணுகிற வார்த்தையும் கூடவே வந்தது. ஆனால் அவர் நாலு நாளைக்குப் பிறகு பேசின முதல் பேச்சு அது, அதன் மேல் ஒரு பொய்யைத் தூக்கி வைக்க எனக்குக் கை வரவில்லை. தெரியாது என்றேன். அவ்வளவுதான், வேறு ஒரு சொல் இல்லை. அந்தக் கோவிலில் நான் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை, நிலநடுக்கம் வராதது ஆச்சரியம். ஒஃபீலியா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, லெமுவேலே தெரியாதுன்னுட்டான், அப்போ இதுல ஏதோ நெசம் இருக்குது, போய்த்தான் பாப்போமே என்று உட்கார்ந்துவிட்டாள். கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஆனால் உன் அப்பா கை தூக்கவில்லை. எழுந்து நின்று, நானும் வர்றேன், குச்சி அடிக்கிறேன், என் கண்ணு அவ காலு மேலதான் இருக்கும், பின்னினா குச்சி நிக்கும், நான் எழுந்து வந்துருவேன் என்றார். பிறகு என்னிடம், அந்த மேடையில ரப்பர் விரிச்சிருப்பாங்களாம், குச்சியை அதுல அடிச்சா இருமல் மாதிரித்தான் கேக்கும், அடிக்கிறதுக்குப் பலகை ஒண்ணு பஸ்ல ஏத்திக்கோ என்றார். குச்சி நின்றால் கைதட்டு நிற்கும், கைதட்டு நின்றால் ஒஃபீலியா வாயை மூடுவாள், இது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து, நான் ஏதோ பாதி ஜெயித்தவன் மாதிரி அடுக்களையில் மிச்சமிருந்த செம்பச்சரிசிச் சோற்றையும் வறுத்த மீனையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உன் அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து, மாவு டப்பாவுக்கு அடியிலிருந்து நீ மார்ச்சில் எழுதின கடிதத்தை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். படித்தேன். தட்டைத் தள்ளி வைத்தேன். முழுக்க வளையத்தில் தேய்த்தே போய், கடைசியில் ஒரே ஒரு தடவை கால் பின்னப்போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். பின்னாமல் முடித்தால் அது அப்பாவோட வளையம், பின்னினாத்தான் அதுல நானும் இருப்பேன் என்று எழுதியிருக்கிறாய். நான் அளந்த நூறு பொய்யில் ஒன்று போய் நிஜத்தின் மேல் விழுந்திருக்கிறது, எறிந்தவனுக்கே தெரியாமல். உன் அம்மாவிடம், இதை ஏன் மறைச்சே என்றேன். உன்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி, அவர்கிட்ட சொன்னா அவர் வரமாட்டார், வந்தப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தேன் என்றாள். நம் வீட்டில் பொய் சொல்கிறவன் நான் ஒருவன்தான் என்று இத்தனை காலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று காலை படகுக் கொட்டகைப் பக்கம் வலையை எடுக்கப் போனேன், உன் அம்மாவும் பின்னால் வந்தாள். உள்ளே குச்சிச் சத்தம். உத்தரத்திலிருந்து எப்போது எடுத்தாரோ தெரியாது. பலகை இடுக்கு வழியாகப் பார்த்தோம். உன் அப்பா கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு அடிக்கிறார், எதிரே ஒரு ஆளில்லை. அடித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். குச்சி அந்தரத்தில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தார், விட்ட இடத்திலேயே, தாளம் ஒரு முடி கூட விலகவில்லை. இன்னொரு தடவை அப்படியே நிறுத்தினார். இந்தத் தடவை தொடங்கவில்லை. குச்சியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், நாங்கள் மூச்சு விடாமல் திரும்பி வந்தோம். மகளே, அந்த மனிதர் இன்னும் முடிவு செய்யவில்லை. இதில் நான் ஒரு சொல் கூட்டவில்லை.

அதனால் சொல்கிறேன், பின்னு என்றும் சொல்ல மாட்டேன், பின்னாதே என்றும் சொல்ல மாட்டேன், காலைப் பற்றி முடிவு செய்ய வேண்டியவள் காலுக்குச் சொந்தக்காரி. ஒன்றுதான், அவரை இருட்டில் உட்கார்த்தி வைத்துச் செய்யாதே. குச்சியை நிறுத்துவது அவர் உரிமை, ஆனால் எதற்காக நிறுத்துகிறோம் என்று தெரிந்து நிறுத்தட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, நாலு மணிக்கு, விடுதி நடையில் இருக்கும் போனிலிருந்து வீட்டுக்குக் கூப்பிடு. உன் அம்மாவை நான் நாய்க்குட்டி பார்க்க வெளியே கூட்டிப்போய்விடுவேன். அவர் எடுப்பார், எடுத்துவிட்டு ஒன்றும் பேசமாட்டார், மூச்சு மட்டும் கேட்கும். அதற்குப் பயந்து வைத்துவிடாதே. அம்மாவுக்கு எழுதினதை அப்படியே, சுற்றி வளைக்காமல், அவரிடம் சொல். வளைப்பதெல்லாம் என் இலாகா. அவர் வைத்துவிட்டாலும் சனிக்கிழமை விடியும்போது நான் பேருந்தோடு வாசலில் நிற்பேன், அவர் ஏறுகிறாரா என்று அப்போதுதான் தெரியும். ஏறாவிட்டால் நான் மட்டுமாவது பலகையோடு வந்து சேருவேன், தாளம் எனக்கு வராது, ஆனால் உட்கார்ந்திருப்பேன்.

இதோடு உன் அம்மா செய்த எள் பிஸ்கட் ஒரு டப்பா அனுப்புகிறேன், எண்ணிப் பார்க்காதே, வழியில் என் கைக்குக் கொஞ்சம் போயிருக்கும். கணுக்காலுக்கு வெந்நீரில் உப்புப் போட்டு ஒத்தடம் கொடு. உங்கள் காலேஜ் டாக்டர் மேபரி அம்மாவுக்கு என் வணக்கம், நான் உயரமானவன், அழகன் என்று சொல். ஆண்டவர் உன் வலது பாதத்தையும் இடது பாதத்தையும், அவை எங்கே போனாலும், காப்பாராக. ஞாயிறு நாலு மணி, மறந்துவிடாதே.

இப்படிக்கு, முதன்முறையாக ஒன்றும் அளக்காமல் எழுதிய உன் மாமன்,
லெமுவேல்

ஜெரு, உறையை ஒட்டும் முன் வாங்கிப் படித்தேன். கொட்டகை சமாச்சாரம் நிஜம்தான். உன் மாமன் பார்த்துக்கொண்டிருந்தான், நான் எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் தடவை குச்சியை நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கும் வரை சரியாக எட்டுத் தட்டு நேரம். போன் பண்ணு. பண்ணிவிட்டு, கால் பின்னுவது அந்த எட்டுக்குள் முடிகிற மாதிரி பழகிக்கொள்.
அம்மா