செயின்ட் ஓடிலில் யாரும் ஏறவில்லை

ஜனவரி 8, திங்கள்

சலூனுக்கு விடுமுறை. மழை. நியூ ஆர்லியன்ஸில் அக்காள் லர்லீன் வீட்டு அடுப்பில் இந்நேரம், திங்கள் வழக்கப்படி, சிவப்பு பீன்ஸ் வெந்துகொண்டிருக்கும்.

போன வருடம் வரை திங்கள் என்றால் நானே காரை எடுத்துக்கொண்டு, சதுப்பின் மேலே போகும் அந்த நீளப் பாலத்தைத் தாண்டி, மதியத்துக்குள் அக்காள் வீட்டில் இருப்பேன். அக்காள் என்ன, இரட்டைப் பிறவி. எனக்கு முன்னால் வெளியே வந்தவள் என்ற கெத்து மட்டும் இன்னும் போகவில்லை. இப்போது கண்ணில் அழுத்தம். பக்கப் பார்வை குறைந்துவிட்டது. "முடி வெட்டுங்க மிஸ் எர்லீன், கார் மட்டும் ஓட்டாதீங்க" என்றார் டாக்டர்.

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. யாரையாவது அனுப்பிக் கூட்டி வரட்டுமா என்றால், "உங்க ஊர்ல என்னடி இருக்கு? கெமிக்கல் ஆலையும் சாக்கடையும். அதைப் பாக்க நான் வரணுமா?" முப்பது வருடமாக இதே பதில்.

தனியாகச் சாப்பிட்டேன். பீன்ஸ் இல்லை. முட்டை.

ஜனவரி 17

பேப்பரில் வந்துவிட்டது. பேட்டன் ரூஜுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் நடுவே ரயில் விடலாமா என்று ஜனங்களைக் கேட்டார்களாம். பெரும்பாலோர் வேண்டும் என்றார்களாம். நோன்புக்கு முன்னால் ஊர்வலமாகக் கொண்டாடுகிற மார்டி கிரா திருவிழாவின் சனிக்கிழமை ஒரு சோதனை ரயில். நடுவிலிருக்கும் நம் செயின்ட் ஓடிலின் பழைய ஸ்டேஷனிலும் நிற்கும். ஆள் ஏறினால் நமக்கு நிறுத்தம் உண்டு. ஏறாவிட்டால் கூவிக்கொண்டு போய்விடும்.

எனக்கு ஒரு சந்தேகம். வேண்டும் என்கிறார்களே, எங்கே போகப் போகிறார்கள்? இன்று நாற்காலியில் உட்கார்ந்த எல்லோரையும் கேட்டேன். ஒருவன் குடித்துவிட்டுப் போலீஸ் பயமில்லாமல் திரும்ப வேண்டுமாம். ஒருத்திக்கு ரயிலுக்குள் கழிவறை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. பாதிப் பேர் எங்கேயும் போகப்போவதில்லையாம். ஆனாலும் வேண்டும்.

நொயெலி ட்ராஸ்க்ளேர் சொன்னதுதான் மனதில் நிற்கிறது. "எங்க போறேன்ங்கிறது முக்கியமில்ல. ராய்ஸ் ஓட்டாத வண்டியில ஒரு தடவை போகணும். அவ்வளவுதான்."

அவள் புருஷன் பழைய கார் விற்கிறவன்.

ஜனவரி 27

ராய்ஸ் ட்ராஸ்க்ளேரே முடிவெட்ட வந்தான். ஊர் கவுன்சிலிலும் அவன்தான் உரத்த குரல்.

"வேணுமா வேணுமான்னு கேட்டா எவன் வேண்டாம்பான்? ஏறச் சொல்லுங்க பாப்போம். ஒரு ஆளு ஏற மாட்டான்."

அவன் காதோரம் கத்தரிக்கோல் இருந்தது. அதனால் முடியை மட்டும் வெட்டினேன்.

பிப்ரவரி 9

பயணப் பை தயார். பெக்கான் கொட்டை போட்ட இனிப்பு அப்பம் ஒன்று சுட்டு வைத்திருக்கிறேன். லர்லீன் போனில்: "நாளைக்கு ஸ்டேஷன்ல வந்து நிக்கிறேன். சிவப்புத் தொப்பி போட்டுட்டு வா. கூட்டத்துல உன் மூஞ்சி அடையாளம் தெரியாது."

தன் மூஞ்சியே அடையாளம் தெரியாதாம் அவளுக்கு.

பிப்ரவரி 10, சனி

எப்படி எழுதுவது இதை.

ஊரே வந்திருந்தது. மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, பிள்ளைகளை உட்கார வைக்க ஏணி, ஒரு பக்கம் கோழி வறுவல், ஒரு பக்கம் பள்ளிக்கூட பேண்டு. எனக்குப் பெருமையாக இருந்தது. ராய்ஸ் முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன்.

ரயில் வந்தது. மெதுவாக, ஊதா, பச்சை, பொன் நிறத் தோரணங்களோடு. உள்ளே இருந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கையசைத்தார்கள். யாரோ ஒருவர், மார்டி கிரா ஊர்வல வண்டியிலிருந்து வீசுவதுபோல, ஒரு மணிமாலையை வீசினார்.

அவ்வளவுதான். "ஐயா, எனக்கொண்ணு போடுங்க" என்று ஊரே கை நீட்டிவிட்டது. நானும்தான். பெட்டி பெட்டியாக ஓடினேன். கழுத்து நிறைய மாலை. நல்ல கண்ணாடி மணி ஒன்றுக்காகப் பாதிரியாரையே முழங்கையால் இடித்தேன். கதவு திறந்திருந்ததைப் பார்த்த ஞாபகம்கூட இருக்கிறது. விசில் ஊதியது. ஊர்வலம் நகர்ந்தால் கைதட்டுவோமே, அப்படிக் கைதட்டி வழியனுப்பினோம்.

பிறகுதான் முதலில் நின்ற இடத்தில் கிடந்த என் பையைப் பார்த்தேன். அதன் மேல் பெக்கான் அப்பம்.

பிப்ரவரி 11

லர்லீன் போன் செய்தாள். "சிவப்புத் தொப்பி வச்ச ஒவ்வொருத்தியையும் நிறுத்திப் பாத்தேன்டி" என்றாள். வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

நோன்பின் முதல் நாள்; ஈஸ்டர் வரை ஆளுக்கொரு ஆசையை விட வேண்டும். நெற்றியில் சாம்பலோடு எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடந்தோம். ஊருக்கே வெட்கம்.

பிப்ரவரி 20

கவுன்சில் கூட்டம். ரயில் அதிகாரி வந்திருந்தார் — ஹாகன், வடக்கே மின்னசோட்டாக்காரர், வெளிறிப்போன நல்ல மனுஷன். ராய்ஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஏறினது எத்தனை பேர், சொல்லுங்க சார்" என்றான். அவருக்கே சொல்லக் கூச்சம். பூஜ்யம்.

"அவ்வளவு கூட்டம் இருந்துச்சே" என்றார் ஹாகன். "எதுக்கு வந்தீங்கன்னுதான் எனக்குப் புரியல. எதிர்ப்பா? ஆதரவா?"

எழுந்துவிட்டேன். "மிஸ்டர் ஹாகன், இந்த மாசத்துல மெதுவா வர்ற எதுலயும் நாங்க ஏற மாட்டோம். வேடிக்கைதான் பாப்போம். நீங்க மாலைய வேற வீசினீங்க. ஆம்புலன்ஸ்ல இருந்து வீசினாலும் பிடிப்போம்."

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமையைப் பற்றிச் சொன்னேன். அக்காவைப் பற்றி, தொப்பியைப் பற்றி. இத்தனை பேர் முன்னால் அழுவேன் என்று நான் நினைக்கவே இல்லை.

ஹாகன் கையிலிருந்த கணக்குத் தாளை மடித்தார். பிறகு, "நோன்பு காலத்துல ஊர்வலம் உண்டா?" என்று கேட்டார்.

"கிடையவே கிடையாது."

"சரி. ஒரு திங்கட்கிழமை இன்னொரு தடவை விடறோம். தோரணம் இல்லாம."

மார்ச் 3

நாளைக்குத்தான் அந்த ரயில்; நியூ ஆர்லியன்ஸ் பேப்பரிலும் வந்துவிட்டது. லர்லீன் போனை எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் என்ன, நாளைக்கு நானே கதவைத் தட்டுவேன். ஆள் ஏறுவார்களா? தெரியவில்லை. நேற்று சலூனில் யாரும் ரயில் பேச்சே எடுக்கவில்லை. அது நல்லதா, கெட்டதா?

மார்ச் 4, திங்கள்

ஏணி இல்லை, பேண்டு இல்லை. கைப்பையோடு பத்திருபது பேர், கோயிலுக்கு வந்ததுபோல அமைதியாக. ஹாகன் ஓரமாக நின்றார்.

முதலில் நியூ ஆர்லியன்ஸிலிருந்து பேட்டன் ரூஜுக்குப் போகிற வண்டி. என்னுடையது அடுத்தது. நொயெலி முதல் ஆளாகப் படியில் கால் வைத்தாள். ராய்ஸ் காரை அப்படியே நிறுத்திவிட்டு ஓடி வந்தான். "பேட்டன் ரூஜ்ல உனக்கு என்ன வேலை? நான் கொண்டுபோய் விடறேனே."

"வேலை இல்ல ராய்ஸ். சும்மா போறேன்." ஜன்னலோரம் உட்கார்ந்து அவனுக்குக் கையசைத்தாள். பாவம், அவன் தன்னை அறியாமல் திருப்பிக் கையசைத்தான்.

கடைசிப் பெட்டியிலிருந்து ஒருத்தி இறங்கினாள். சிவப்புத் தொப்பி. இரண்டு கையாலும் துண்டில் சுற்றிய பானை.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இத்தனை நாளும் எல்லோரையும் எங்கே போவீர்கள் என்று கேட்டேனே, யார் வருவார்கள் என்று ஒருவரையாவது கேட்டேனா?

"வாயப் பொளந்துட்டு நிக்காத. பானைய வாங்கு, சுடுது" என்றாள்.

"சாக்கடையப் பாக்க வந்தியா?"

"இந்த வருஷம் நோன்புக்குப் பிடிவாதத்த விட்டிருக்கேன். ஈஸ்டர் வரைக்கும்தான், சொல்லிட்டேன்."

ஹாகன் பக்கத்தில் வந்தார். "உங்க வண்டி இனிமேதானே வருது. நீங்க ஏறலையா?"

"இன்னிக்கு இல்ல சார். வீட்டுக்கு ஆள் வந்திருக்கு. இறங்கினவங்களையும் எண்ணுவீங்கதானே?"

"எண்ணாம இருப்பேனா" என்றார்.

பானையை நான்தான் சுமந்தேன். வழியெல்லாம் ஆலையைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குக் கண் கரித்தது. ஆலைப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

சோறு வடித்தாயிற்று. நிறுத்தம் கிடைத்துவிட்ட பிறகும் வண்டி கொஞ்சம் தாமதம்தான். இந்த வாரம் அவள் வரும் முறை. போன தடவை வந்தபோது என் பீன்ஸில் உப்பு தூக்கல் என்று ஸ்டேஷன் வரைக்கும் சொல்லிக்கொண்டு போனாள். இன்று குறைத்தே போட்டிருக்கிறேன். விசில் கேட்கிறது. போகிறேன்.