பூவாடைக்காரியைப் பற்றி நீ எழுதிய நாலு வரி

போன செவ்வாய்க்கிழமை அரியலூரிலிருந்து குன்னம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டுப் பெண்ணின் செல்போனிலிருந்து அந்த டி.வி. தொடரின் தலைப்புப் பாட்டு வந்தது. மறு ஒளிபரப்பாம். நீ இறந்துபோய் ஒன்றரை வருஷம் ஆகிறது. பாட்டு அப்படியேதான் இருக்கிறது.

“மறுபடியும் இதையா பாக்குற? பேயும் பூசாரியும்...” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“பேய்க்காகவா பாக்குறேன்? அந்த மாமியார் ஆட்டம் அடங்குறதப் பாக்கத்தான்.”

“எங்க அடங்குனா? மறுநாளே பொட்டு வச்சிக்கிட்டு வந்து நிக்கிறா!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விவசாயக் குடும்பம், செத்துப்போன மூத்த தாரம், ஆவியாக வந்து இளையவளைப் படுத்துகிற கதை. தொடர் உச்சத்தில் இருந்தபோது நம் பத்திரிகை ஆபீசிலிருந்து பார்வையாளர் கருத்து கேட்டு அனுப்பச் சொன்னார்கள். பெரம்பலூர், அரியலூர் டவுன்களை நான் பார்த்துக்கொண்டேன். குன்னம் பக்கத்துக் கிராமங்களுக்கு நீ போனாய். எனக்குக் கிடைத்தவை வழக்கமான பதில்கள். மருந்துக்கடை அம்மா ஒருத்தர் மட்டும், “பேய் வர்றதே அஞ்சு நிமிஷம்தான் சார், மிச்சமெல்லாம் சோப்பு வெளம்பரம்” என்றார். நீ அனுப்பியதில் ஒன்று இப்படி இருந்தது:

“எங்க வூட்டு மூத்தவளுக்குப் புடவை வச்சுக் கும்பிட்டுத்தான் நல்ல காரியம் எதையும் ஆரம்பிப்போம். அவ எங்களுக்குப் பூவாடைக்காரி. அவளைப் போயி பேய்னு காட்டுறாங்க. நாளைக்கு நான் எந்த மனசோட கும்பிடுறது?”

கீழே ஒரு மருமகளின் பேரும் ஊரும். படித்தவுடன் எனக்குச் சந்தேகம் வந்தது. நோட்டைப் பிரித்ததும் இவ்வளவு தெளிவாக யார் பேசுகிறார்கள்? தவிர, சுமங்கலியாகச் செத்துப் பூவாடைக்காரியான உன் சின்னம்மாவுக்கு உங்கள் வீட்டிலும் வருஷாவருஷம் புடவை வைத்துப் படைப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தொடரை நீ திட்டுவதும் தெரியும். உன் கருத்தை ஒரு பெண்ணின் வாயில் வைத்துவிட்டாய் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தபடியே தெரிந்தவர்கள் பேரில் கருத்து எழுதி அனுப்பும் ஆட்களை நாம் இரண்டு பேருமே பார்த்திருக்கிறோம்.

உன்னிடம் சொல்லாமல் அந்த ஊருக்குப் போனேன். வாசலில் மாமியார் வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். மருமகள் வெளியே வந்து, “நான் எதுவும் சொல்லலைங்க. அந்த நாடகமே நான் பாக்குறதில்லைங்க” என்றாள். மாமியார் தலை நிமிரவில்லை. அச்சில் பேர் வந்தவளைக் கேட்டேன், பதில் கிடைத்தது, கிளம்பிவிட்டேன்.

கலெக்டர் ஆபீஸ் எதிர் டீக்கடையில் உன்னைக் கேட்டேன்.

“அந்தப் பொண்ணு சொல்லவே இல்லையாமே?”

“போயி விசாரிச்சியா?”

“விசாரிச்சேன்.”

“சொன்னது நெசம். பேரு வேணா தப்புன்னு வச்சுக்க. அதுக்கு மேல கேக்காதய்யா.”

பேர் தப்பு என்றால் எல்லாமே தப்பு என்பதுதான் என் கணக்கு. “அவர் அனுப்புறதை ஒரு தடவை விசாரிச்சுட்டுப் போடுங்க” என்று ஆபீசுக்குப் போனில் சொன்னேன். அந்த ஒரு வாக்கியம் மறுநாளே மற்ற நிருபர்கள் வரை வந்துவிட்டது. “என்னண்ணே, இன்னிக்கு எந்தப் பூவாடைக்காரி பேட்டி குடுத்தா?” என்று கேட்பார்கள். நீ சிரிப்பாய். அதற்குப் பிறகு பேட்டிகளில் என் பக்கத்து நாற்காலியில் நீ உட்காரவில்லை. அதை ஒப்புதல் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை குன்னம் தாலுகா ஆபீஸ் போக வேண்டியவன், அந்த ஊர் நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். மருமகள் மக்காச்சோளக் காட்டுக்குப் போயிருந்தாள். மாமியார் மட்டும்தான் இருந்தார்.

“நீங்கதான அன்னைக்கு வந்து கேட்டவரு? ஒங்க கூட்டாளி நல்லாருக்காருங்களா?”

சொன்னேன். நீ இல்லை என்று தெரிந்ததும், பக்கத்து வீட்டு வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“நான்தாங்க சொன்னேன். நான் எளையதாரம். மூத்தவ புள்ளைங்க பக்கத்து வூட்டுலதான் இருக்காங்க. நான் அவளைப் பத்திப் பேப்பர்ல பேசலாமா? மருமவ பேரு வாயில வந்துச்சு, போடச் சொல்லிட்டேன். அவளுக்கே தெரியாது. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். சரின்னாரு.”

“அந்த நாடகத்தை நீங்க பாத்தீங்களா?”

“ஒரு நாள் வுடாம பாத்தேன். திட்டிக்கிட்டேதான் பாத்தேன். அந்த எளையவள அவ என்ன பண்ணப் போறாளோன்னு...” குரல் இறங்கியது. “இப்பல்லாம் புடவை வச்சுக் கும்பிடுறப்ப அந்த நாடகத்துப் பேய் மூஞ்சிதாங்க கண்ணுல வந்து நிக்குது. இதை நான் யாருகிட்ட சொல்லுவேன்?”

அப்போதும் எனக்குச் சந்தேகம் போகவில்லை. செத்துப்போன உன் பேரைக் காப்பாற்ற இப்படிச் சொல்கிறாரோ? அன்றைக்கு என்ன சொன்னார் என்று திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னார். அச்சில் வந்ததிலிருந்து ஒரு சொல் மாறியிருந்தது. எது சரி என்று கொஞ்சம் யோசித்தேன். நீ எழுதியதுதான் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது, “இதையும் போட்டுடாதீங்க சார்” என்றார். போட மாட்டேன் என்றேன். அதனால் இந்த மடலும் என் மேஜை இழுப்பறையைத் தாண்டாது.

மறுநாள் மற்ற நிருபர்களிடம், “அந்தக் கருத்து நெசம்” என்றேன்.

“யாரு சொன்னாங்களாம்?”

“எனக்குத் தெரியும்.”

“அதான் யாருண்ணே?”

“பாவம், கூட்டாளி போயிட்டாருன்னு பேசுறாரு” என்றான் ஒருவன். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். டீக்கடையில் நான் உன்னைப் பார்த்தேனே, அந்தப் பார்வை.

உன் பேரைக் கெடுத்தவன் நான். அதைத் திருத்த அந்த மாமியார் ஒருவர்தான் சாட்சி. முப்பது வருஷத்தில், பேர் கேட்காமல் நான் எழுந்து வந்த பேட்டி அது ஒன்றுதான்.