தொட்டிமேல் நடுங்கிய வெளிச்சம்

ஜூன் 3, செவ்வாய்
மீன் தொட்டிக்கு விளக்கு ஆயிற்று. காட்டாக்கடை டவுனில் வாங்கிய எல்.இ.டி. பட்டை, மூன்றடி; அலுமினியச் சட்டத்தில் ஒட்டினேன். அதற்குப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும். நிருபராக இருந்தபோது செய்தி அனுப்பிய மோடத்தின் அடாப்டர் அலமாரியில் கிடந்தது. அதிலும் பன்னிரண்டு என்றே அச்சிட்டிருந்தது. மாலை 5.40க்கு எரிந்தது. விழித்திரை அறுவைக்குப் பிறகு வீட்டோடு இருக்கும் மனைவி சத்யபாமாவுக்காகத்தான் இந்தத் தொட்டி.

ஜூன் 4
அடுக்களை வாசலில் நின்று கேட்டாள்: "வெளிச்சம் கெடந்து நடுங்குது, பாத்தியளா?"
தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பத்து நிமிடம் பார்த்தேன். நடுங்கவில்லை. அப்படியே சொன்னேன். உள்ளே போனாள். வெளிச்சம் நடுங்கினாலோ மின்னினாலோ உடனே வர வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தது இருவருக்கும் நினைவிருந்தது.

ஜூன் 5
திருவனந்தபுரம். மருத்துவர் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன். தேதி, நேரம் குறித்து வைத்திருந்தேன். விழித்திரை ஒட்டியபடியே இருக்கிறதாம். ஆனாலும் திங்கட்கிழமை மறுபடி பார்க்க வேண்டுமாம். இன்னொரு அறுவை இருக்குமா என்றேன். இப்போது சொல்ல முடியாது என்றார்.
ஒட்டியிருக்கிற கண்ணுக்கு ஏன் நடுங்குகிறது?

ஜூன் 6
இன்றும் நடுங்குகிறதாம். எனக்கு இல்லை. யாரை நம்ப — அவளையா, மருத்துவரையா, என்னையா?

ஜூன் 7
நாற்காலியைத் தொட்டிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுவிட்டாள். "இனியும் கிழிக்கதுக்கு எனக்க கண்ணுல என்ன உண்டு?" என்றாள். ஆஸ்பத்திரிப் பையில் இரண்டு சேலை மடித்து வைத்திருக்கிறாள்.
என் விளக்குதான் கண்ணைக் கெடுத்துவிட்டதா? வெளிச்சம் கூடிப்போயிற்றா? ஒன்றும் புரியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு
பூவாரிலிருந்து நிக்கோலஸ் வந்தான். பத்திரிகையில் இருபது வருடம் என் செய்திகளுக்குப் படம் எடுத்தவன். செல்பேசியில் மீனைப் படம் பிடிக்கப் போனவன் அப்படியே நின்றான். திரையில் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே ஓடின. அடாப்டரைக் கழற்றிப் பார்த்தான்.
"அண்ணா, இது ஏசி கரண்டு குடுக்க அடாப்டர் ஆக்கும். பட்டைக்கு டிசி வேணும். செகண்டுக்கு அம்பது தடவ அணைஞ்சு எரியுது. நம்பர மட்டும் வாசிச்சுட்டு பக்கத்துல கெடக்க 'ஏசி'ய விட்டுட்டியளே. பெரிய ரிப்போர்ட்டரு."
எனக்குத் தெரியவில்லையே என்றேன். நேராகப் பார்த்தால் தெரியாது, கடைக்கண்ணுக்குத்தான் பிடிபடும் என்றான். அவள் நின்ற அடுக்களை வாசலில் போய் நின்று அடுப்பைப் பார்த்தேன். ஓரத்தில் நடுங்கியது.
வேறு எங்காவது இப்படித் தெரிகிறதா என்று அவளிடம் கேட்டேன்.
"இல்ல. தொட்டியில மட்டுந்தான். நீங்க கேக்கவே இல்லியே."
முப்பத்தொரு வருடம் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான்.

ஜூன் 9
மருத்துவர் கேட்டதற்கெல்லாம் இன்று அவளே பதில் சொன்னாள். கண்ணில் குறையில்லை. வரும் வழியில் டிசி அடாப்டர் வாங்கி மாட்டினேன். நாற்காலியை அவளே தொட்டிப் பக்கம் திருப்பிப் போட்டாள்.

திருத்தம்: ஜூன் 4ஆம் தேதிக் குறிப்பில் 'நடுங்கவில்லை' என்று இருப்பதை 'நடுங்கியது, நான் பார்க்கவில்லை' என்று வாசிக்கவும்.