சாமைக்காட்டுப் பாட்டு, ஆபீசர் வீட்டு டிவியில்

ஞாயிறு, இரவு.

கொல்லிமலைக்கு மாற்றலில் வந்த ஆபீசர், டிவியில் மாட்டிய புது கேம் கன்சோலுக்குப் போனிலிருந்து பாட்டு அனுப்பத் தெரியாமல், வீட்டில் விருந்தாளிகள் இருந்த நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். தன் ஆபீசில் எனக்கு வேலை போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தவர். இணைத்துவிட்டு, சரியாக வருகிறதா என்று பார்க்க, சாமைக்காட்டில் களையெடுக்கும்போது அம்மா பாடியதை என் போனிலிருந்து போட்டேன். டிவியில் கணீரென்று வந்தது.

"ஏம்ப்பா, என்ன காட்டுக் கத்தல் இது? மாத்து" என்றார். விருந்தாளிகள் சிரித்தார்கள்.

"எங்கம்மா பாடுறாங்க சார்."

"யாரா இருந்தா என்ன? நிறுத்து."

"முடியட்டுமுங்க" என்று சத்தத்தைக் கூட்டினேன். பாட்டு முடிந்ததும், "வேலைன்னு ஆபீஸ் பக்கம் வந்துடாத" என்றார்.

வீட்டில் அம்மா, "வேலை என்னாச்சு கண்ணு?" என்றாள்.

"வேண்டாம்னுட்டேன்."

அது பொய் இல்லை.