எள்ளும் தண்ணீரும் போய்ச் சேராத இடம்

அம்பிட்டிய
ஜூன் 2

அன்பு மகன் திவாகரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. மெல்பேர்ணில் நீயும் தனுஜாவும் சளி பிடிக்காமல் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன், நீ வேண்டாமென்றாலும் வேண்டுவேன். மழை விடாமல் பெய்கிறது, பின்பக்கத்து மண் கொஞ்சம் சரிந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

இரண்டு கிழமைக்கு முன் போனில் நீ சொன்னதற்குத்தான் இந்தக் கடிதம். அப்பாவின் முதல் திவசத்துக்கு வர மாட்டாய், எள்ளும் தண்ணீரும் இறைப்பது உன் புது விசுவாசத்துக்கு ஆகாது என்றாய். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். "அப்பா நெருப்புலதான் இருப்பாரும்மா, அங்க தண்ணி போய்ச் சேராது" என்றாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பிறகு உங்கள் போதகர் நரகத்தைப் பற்றிப் பேசும் வீடியோவையும் அனுப்பினாய். பன்னிரண்டு நிமிடம், பின்னால் கிற்றார் வேறு. மனுஷன் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி அடுப்பின் சூடு வரைக்கும் சொல்கிறார்.

பக்கத்து வீட்டு நிரஞ்சனியிடம் வேதப் புத்தகத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். நீ படித்தாயா, இல்லை வீடியோவோடு சரியா? பழைய பாகத்தில் நெருப்பையே காணவில்லை மகனே. ராசாவும் அடிமையும் ஒரே பாதாளத்துக்குத்தான் போகிறார்கள், செத்தவனுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு ஞானி சொல்கிறார். ஒரு ராசா, செத்துப்போன தீர்க்கதரிசியைக் குறிசொல்லும் ஒரு பெண்ணைக் கொண்டு எழுப்புகிறான். அந்தக் கிழவர் ஏன் என்னைத் தொந்தரவு செய்கிறாய் என்று எரிந்து விழுகிறார், பகல் தூக்கத்தில் எழுப்பினால் உன் அப்பா விழுவது போலவே. மண்ணில் தூங்குகிறவர்கள் ஒருநாள் எழும்புவார்கள் என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கோ அன்றைக்கே பரதீசு. இத்தனை பேர் இத்தனை விதமாகச் சொன்னதை உங்கள் போதகர் பன்னிரண்டு நிமிடத்தில் தீர்த்துவிட்டார், பெரிய கெட்டிக்காரர்தான். உங்கள் ஆண்டவர் நியாயம் தீர்க்கும் இடத்தையும் படித்தேன். பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தாயா என்றுதான் கேட்கிறார். நகரசபைத் தண்ணீர்ப் பகுதியில் முப்பது வருஷம் இருந்து, வறட்சியில் மேட்டு வீடுகளுக்கெல்லாம் தண்ணீர் பவுசர் லொறியோடு அலைந்த மனுஷனை நீ அடுப்பில் வைத்துவிட்டாய்.

புசல்லாவையிலிருந்து உன் பெரியப்பா வந்து, தன் மகன் கணேஸ் திவசம் செய்வான் என்றார். உன் அப்பா பெற்ற பிள்ளை இருக்கும்போது இன்னொருவன் எதற்கு என்று அனுப்பிவிட்டேன்.

நெருப்பில் கிடக்கும் பணக்காரனின் கதை ஒன்றும் அதிலே வருகிறது. அக்கரையில் இருப்பவர்கள் அவன் கண்ணுக்குத் தெரிகிறார்கள், பேச்சும் கேட்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்கிறான், நடுவில் பெரிய பள்ளம், முடியாது என்கிறார்கள். உடனே அவன் வீட்டிலிருக்கும் ஐந்து சகோதரர்களுக்காகக் கெஞ்சுகிறான். நெருப்பில் கிடந்தவனுக்கு வீட்டு நினைவு இருந்தது. அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். நான் கண்ணை மூடினால் எனக்காக ஜெபம் பண்ணி எங்கேயும் ஏற்றிவிடாதே, உன் அப்பா இருக்கிற இடத்துக்கே போகிறேன். ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. நாங்கள் இருவரும் அந்தப் பள்ளத்தின் இந்தப் பக்கம் நின்று உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், நீ திரும்பிப் பார்ப்பாயா?

நீயும் தனுஜாவும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். திவசம் இந்த மாதம் இருபத்திரண்டாம் திகதி, கட்டுகஸ்தோட்டை ஆற்றங்கரையில், மறந்துவிடாதே. நீ வராவிட்டால் நானே இறைப்பேன். பெண்கள் செய்யக் கூடாது என்கிறார் ஐயர், அவருக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

நெருப்புக்குப் போகவிருக்கும் உன் அம்மா,
பாலாம்பிகை சேதுராமன்